பைல் போட்டாச்சு, அப்புறம்? கொங்கு மண்ணில் ஆழ அஸ்திவாரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, கரூர் பக்கம் பைலிங் வேலையோடு, அதாவது மண்ணுக்குள் ஆழமாகத் துளை போட்டு, கம்பியும் கான்கிரீட்டும் இறக்கித் தூண் மாதிரி அஸ்திவாரம் போடுகிற வேலையோடு, பல வருஷம் சுற்றியதில் ஒன்று புரிந்தது. கட்டடம் கட்டுகிறவர்கள் டைல்ஸுக்குக் கேட்கிற கேள்வியில் பாதிகூட மண்ணுக்குள் போகிற கான்கிரீட்டுக்குக் கேட்பதில்லை. கேட்கிற சிலரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

எங்க பக்கம் பத்தடியிலயே பாறை கெடக்குதுங்களே, பைல் எதுக்கு?

சில இடத்தில் உண்மையிலேயே வேண்டாம். மனை முழுக்க ஒரே ஆழத்தில் கெட்டியான கிராவலோ பாறையோ இருந்தால், தூணுக்கடியில் அகலமாக வார்க்கிற சாதாரண ஃபுட்டிங் போட்டுவிட்டு மிச்சப் பணத்தை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளுங்கள். சிக்கல் அந்த "மனை முழுக்க" என்கிற வார்த்தையில்தான் இருக்கிறது.

சூலூர், பல்லடம் பக்கம் மேலே கரிசல். அதற்கடியில் சுண்ணாம்பு கலந்த சுக்கான். அதற்கும் கீழே மக்கிய பாறை, பிறகுதான் கருங்கல் பாறை. பாறை மக்குவது வெடிப்புகளின் வழியாகத் தண்ணீர் இறங்கி. அதனால் மக்கல் ஒரே மட்டமாக இருக்காது. ஒரு தூணுக்கடியில் 15 அடியில் பாறை தட்டும், அடுத்த தூணுக்கடியில் 45 அடி வரை களியும் மக்கலுமாகப் போகும். மருதமலை, ஆனைகட்டி, ஆனைமலை அடிவாரத்துக்குப் போனால் மலையிலிருந்து உருண்டு வந்த குண்டுக்கற்கள் மண்ணுக்குள் புதைந்து கிடக்கும். கரூர்ப் பக்கம் காவிரி, அமராவதிக் கரைகளில் மணல். நொய்யலை நம்பி வெட்டிய குளங்களின் ஓரத்தில் வண்டலும், அதன் மேல் யார் யாரோ கொட்டிய கட்டட இடிபாடும்.

தூண் இறங்குவதை விட, பக்கத்துத் தூண் இறங்காமல் இருப்பதுதான் ஆபத்து. 6 மீட்டர் இடைவெளியில் இரண்டு தூண். ஒன்றைவிட இன்னொன்று 20 மி.மீ. அதிகம் இறங்கினால் 300-இல் ஒரு பங்கு சாய்வு. அந்த அளவில் சுவர்கள் விரிசல் விடத் தொடங்கும் என்று 1956-லேயே ஸ்கெம்ப்டனும் மெக்டொனால்டும் பல கட்டடங்களை ஆராய்ந்து எழுதிவிட்டார்கள். எல்லாத் தூண்களையும் ஒரே மாதிரித் தாங்கும் அடுக்குக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கத்தான் பைல்.

போர் போட்டப்பவே "40 அடியில பாறை"ன்னு வண்டிக்காரர் சொல்லிட்டார். மறுபடி மண் பரிசோதனை வேணுமா?

வேணும். ஆனால் அவர் சொன்னதைத் தூக்கிப் போடாதீர்கள். திருச்செங்கோட்டு வண்டிகள் இந்தியா பூராவும் துளை போடுகின்றன. அந்த ஆட்களின் கை உணர்வு சாதாரணமானதல்ல. நான் புது மனைக்குப் போனால் அக்கம்பக்கத்தில் முதலில் கேட்கிற கேள்வி, "உங்க போர்ல கேசிங் எத்தனை அடி எறங்குச்சுங்க?" என்பதுதான். துளை சரியாமல் இருக்க இறக்குகிற குழாய்தான் கேசிங். மண் சரிகிற வரைக்கும், அதாவது மக்கல் முடிகிற வரைக்கும்தான் அதை இறக்குவார்கள். நாலு வீட்டில் கேட்டால் பாறை எப்படி ஏறி இறங்குகிறது என்று ஒரு உத்தேச வரைபடமே கிடைத்துவிடும். செலவு, நாலு டம்ளர் காபி குடிக்கிற நேரம்.

ஆனால் காற்றழுத்தத்தில் இடித்துக்கொண்டே போகிற வண்டிக்கு எல்லாமே தூள்தான். அந்த மண் எத்தனை டன் தாங்கும் என்று தூள் சொல்லாது. அதற்கு எஸ்.பி.டி. சோதனை வேண்டும்: 63.5 கிலோ சுத்தியலை 75 செ.மீ. உயரத்திலிருந்து விட்டு, குழாய் 45 செ.மீ. இறங்குவதில் கடைசி 30 செ.மீ.க்கு எத்தனை முறை அடிக்க வேண்டியிருந்தது என்று எண்ணுவார்கள். இதிலும் நம்ம ஊரில் இரண்டு ஏமாற்று உண்டு. சுக்கான் அடுக்கில் குழாய் இறங்கவே இறங்காது; "பாறை வந்தாச்சு" என்று எழுதிவிடுவார்கள். ஒரு மீட்டர் தாண்டினால் கீழே களி இருக்கும். இரண்டாவது, கரிசல். சித்திரையில் சோதித்தால் கல், ஐப்பசியில் சோதித்தால் களி. அறிக்கையில் தேதியையும் அன்றைய நீர்மட்டத்தையும் பாருங்கள்.

பாறையில் குழாய் வேலை செய்யாது, பாறையை உருளை உருளையாக வெட்டி எடுக்க வேண்டும்; அதுதான் கோர். எடுத்த கோரில் 10 செ.மீ.க்கு மேல் நீளமுள்ள துண்டுகளின் மொத்த நீளம், துளைத்த நீளத்தில் எத்தனை சதவீதம் என்பதுதான் ஆர்.க்யூ.டி. கோர்ப் பெட்டியைப் படத்தில் பார்க்காமல் நேரில் போய்ப் பாருங்கள்.

மண் பரிசோதனைக்கு எத்தனை துளை, எவ்வளவு ஆழம்?

"நாலு மூலைக்கு நாலு" என்பது பழக்கம், விதி அல்ல. மண் மாறுகிற இடத்தில் முதலில் இரண்டு போட்டுப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போனால் குறைவாக முடிக்கலாம். ஒத்துப்போகவில்லை என்றால் இடையில் இன்னும் போட வேண்டும். பாறை தட்டியதும் நிறுத்தக் கூடாது, 3 முதல் 5 மீட்டர் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். அடிவாரப் பகுதியில் தட்டுப்பட்டது பாறையா, உருண்டு வந்த குண்டுக்கல்லா என்று தெரிந்துகொள்ள வேறு வழியில்லை.

மனை வாங்கும்போதே கவனிக்க வேண்டியது ஏதாவது?

கிணறு. நம்ம பக்கத்துத் தோட்டத்துக் கிணறுகள் நூறடி ஆழம் சாதாரணமாகப் போகும். தோட்டம் மனையாகிறபோது கிணற்றைக் குப்பையும் மண்ணும் போட்டு மூடிவிடுவார்கள், லேஅவுட் படத்தில் அதன் சுவடே இருக்காது.

சூலூர்ப் பக்கம் ஒரு வேலை. மூன்று பைல் ஒழுங்காக முடிந்தது. நாலாவது துளையில் 20 அடி தாண்டியதும், துளை சரியாமல் இருக்க ஊற்றியிருந்த பெண்டோனைட் என்கிற களிக் கரைசலின் மட்டம் சட்டென்று இறங்கியது. ஊற்ற ஊற்றக் குடிக்கிறது. துளைக்குள்ளிருந்து செங்கல், ஓடு, மாடு கட்டித் தண்ணீர் இறைத்த ஒரு பழைய கவலைச் சால் தகரம் எல்லாம் வருகிறது. வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த பெரியவர், "அது எங்க அப்பாரு வெட்டுன கெணறுங்க, நீங்க ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பனுங்க" என்றார். இரண்டு வாரம் போச்சு, தூணின் இடத்தையே மாற்ற வேண்டியதாகிவிட்டது. மண் அறிக்கையில் நாலு துளையும் சுத்தம். கிணற்றைத் தவிர எல்லா இடத்திலும் துளை போட்டிருந்தார்கள்.

அன்றிலிருந்து பழைய புல வரைபடத்தையும் பார்க்கிறேன், வேலியோரத்துப் பெரியவர்களையும் கேட்கிறேன். இரண்டில் எது அதிகம் உதவியது என்று சொல்லத் தேவையில்லை.

கரிசல் மண்ணுக்கு அண்டர் ரீம் பைல் போதும்னு மேஸ்திரி சொல்றார். சரியா?

ஓரிரு மாடி வீட்டுக்குப் பெரும்பாலும் சரி. ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் கரிசல் மண்ணுக்கென்றே வளர்த்தெடுத்த முறை அது. தண்டின் அடியில், தண்டைப் போல இரண்டரை மடங்கு விட்டத்தில் ஒரு குடம். மழையில் மண் உப்பி பைலை மேலே தூக்கப் பார்க்கும்போது அந்தக் குடம் நங்கூரமாகப் பிடித்துக்கொள்ளும். ஈரம் ஏறி இறங்கி மண் உப்பிச் சுருங்குவது சுமார் மூன்றரை மீட்டர் ஆழம் வரை என்பதால் குடம் அதற்குக் கீழே உட்கார வேண்டும்.

தவறு நடப்பது மூன்று இடத்தில். குடத்தை வெட்டினார்களா என்று யாரும் பார்ப்பதில்லை. வெட்டும் கருவி அடியில் முழுசாக விரிந்து சுற்றியதா, எத்தனை வாளி மண் வெளியே வந்தது என்று கூடவே நின்று எண்ண வேண்டும். இரண்டாவது, மணலோ உதிரிச் சுக்கானோ இருக்கிற ஆழத்தில் குடம் நிற்காது, சரிந்துவிடும். மூன்றாவதுதான் அதிகம்: பைலை ஒழுங்காகப் போட்டுவிட்டு, மேலே ஓடும் பீமைத் தரையோடு ஒட்டி வார்த்துவிடுவார்கள். மண் உப்பினால் பைல் அசையாது, பீமைத் தள்ளிச் சுவரைப் பிளக்கும். பீமுக்கும் மண்ணுக்கும் நடுவில் மூன்று அங்குலமாவது வெற்றிடம் விட வேண்டும். இழுவிசை வருவதால் கம்பியும் அடி வரை போக வேண்டும், பாதியில் நிறுத்தக் கூடாது.

ஐந்தாறு மாடி, தொழிற்சாலை என்றால் இது போதாது. பாறையைத் தேடித்தான் போக வேண்டும்.

பெண்டோனைட் ஊத்தறாங்களே, அது என்ன? காசு புடுங்கற வேலையா?

இல்லை. துளை சரியாமல் பிடித்துக்கொள்வது அதுதான். ஒரு வேடிக்கை: கரிசலை உப்ப வைக்கிற மாண்ட்மோரில்லோனைட் என்கிற களிதான் பெண்டோனைட்டிலும் இருக்கிறது. வீட்டைப் பிளக்கிற அதே பொருளை விலை கொடுத்து வாங்கித் துளைக்குள் ஊற்றுகிறோம்.

புதிதாகக் கலக்கிய கரைசலின் அடர்த்தி 1.03 முதல் 1.10 வரை, கரைசல் எவ்வளவு கெட்டி என்று பார்க்கிற மார்ஷ் புனலில் வடிய 30 முதல் 60 நொடி. சோதிக்கிற கருவிகள் சல்லிசு. ஆனால் பாதி சைட்டில் புனல் ஆபீஸ் அலமாரியில் புது மெருகோடு இருக்கும்.

கரைசலை விடப் பெரிய விஷயம் அடியில் தங்குகிற கசடு. எனக்கு ஒரே ஒரு சோதனை செய்ய அனுமதி கொடுத்தால், பைல் மேல் பாரம் ஏற்றிப் பார்க்கிற லோட் டெஸ்டை விட்டுவிட்டு இதைத்தான் கேட்பேன். பாறையில் உட்கார வேண்டிய பைல், அரை அடிக் கசடின் மேல் உட்கார்ந்தால் அடிப்பாறையால் என்ன பயன்? எடை கட்டிய நாடாவைத் துளைக்குள் இறக்குங்கள். தோண்டி முடித்ததும் ஒரு அளவு, கம்பிக்கூடு இறக்கிய பிறகு ஒரு அளவு, கான்கிரீட் தொடங்குவதற்கு முன் ஒரு அளவு. பாறையில் நாடா "டங்" என்று நிற்கும். கசடில் மெத்தையில் வைத்த மாதிரி அமுங்கும். இரண்டாவது அளவுக்கும் மூன்றாவதுக்கும் வித்தியாசம் இருந்தால் மறுபடி அலச வேண்டும். ராத்திரி பத்து மணிக்கு லாரி வந்து நிற்கும், எல்லோரும் அவசரப்படுவார்கள். அப்போதுதான் நாடா தேவை.

பாறைக்குள்ள எவ்வளவு போகணும்? அதை யார் முடிவு பண்றது?

நல்ல பாறையில் பைலின் விட்டம் அளவு, மக்கிய பாறையில் அதைப் போல இரண்டு மூன்று மடங்கு என்பது நடைமுறை. டிசைனர் மண் அறிக்கையைப் பார்த்துச் சொல்வார். ஆனால் "இங்கேதான் பாறை ஆரம்பிக்கிறது" என்பதைத் துளைக்குப் பக்கத்தில் நிற்கிறவர்தான் சொல்ல முடியும். படத்தில் 12 மீட்டர் என்று எழுதியிருந்தால் எல்லா பைலையும் 12 மீட்டரில் நிறுத்துவது நம்ம மண்ணுக்குப் பொருந்தாத பழக்கம். ஒன்று 9-இல் முடியும், ஒன்று 17 போகும். வெளியே வருகிற துண்டுகளை அரை மீட்டருக்கு ஒரு பையில் போட்டு, ஆழம் எழுதி, கோர்ப் பெட்டியோடு ஒப்பிடுங்கள். துளை போடுகிற ரிக் ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்கியது என்பதையும் எழுதுங்கள். முதல் பைலைச் சோதனைத் துளைக்குப் பக்கத்திலேயே போட்டால், இந்த வேகத்துக்கு இந்தப் பாறை என்று கை பழகிவிடும்.

ஒவ்வொரு பைலுக்கும் இப்படி ஒரு தாள் இருந்தால், 60 பைல் முடிகிறபோது கையில் 60 துளைகளின் மண் அறிக்கை இருக்கிறது. காசு கொடுத்துச் செய்த நாலு துளையை விட இது பெரிது.

கான்கிரீட் ஊத்தறப்ப என்ன பாக்கணும்?

கான்கிரீட்டைக் கீழே கொண்டுபோகிற ட்ரெமி குழாய் துளையின் அடி வரை போகணும், ஊற்ற ஊற்றக் குழாயின் வாய் கான்கிரீட்டுக்குள்ளேயே புதைந்திருக்கணும். அவசரத்தில் குழாயை அதிகம் உருவிவிட்டால் சேறு உள்ளே புகுந்து பைல் இரண்டாகிவிடும். கான்கிரீட்டின் இளக்கத்தைக் காட்டுகிற ஸ்லம்ப் 150 முதல் 180 மி.மீ., தரம் எம்25-க்குக் குறையாமல்.

அப்புறம் ஒரு எளிய கணக்கு. 600 மி.மீ. பைலுக்கு மீட்டருக்கு 0.283 கன மீட்டர். 12 மீட்டருக்கு 3.4 கன மீட்டர். 3-தான் பிடித்தது என்றால் எங்கோ இடுப்பு ஒடுங்கியிருக்கிறது அல்லது மண் சரிந்திருக்கிறது. 5 பிடித்தது என்றால் பக்கவாட்டில் பொந்து. கொஞ்சம் கூடுவது இயல்பு. குறைவதற்கு நல்ல காரணமே கிடையாது. ஒவ்வொரு லாரிக்கும் மட்டம் எவ்வளவு ஏறியது என்று குறித்தால் ஒடுங்கிய ஆழம்கூடத் தெரிந்துவிடும். தலைப்பக்கம் வருவது சேறு கலந்த கான்கிரீட். அதைக் கூடுதலாக ஊற்றி, பிறகு உடைத்தெடுக்க வேண்டும்.

பைலோட தாங்குதிறனைக் கூட்ட வழி இருக்குங்களா?

அடியைச் சுத்தம் செய்வதுதான் முதல் வழி, மலிவான வழியும் அதுதான். அது முடியாத மணல் பகுதியில், கம்பிக்கூட்டோடு மெல்லிய குழாய்கள் வைத்து, கான்கிரீட் இறுகிய பிறகு அடியில் சிமெண்ட் பாலை அழுத்தத்தில் செலுத்தலாம். உதிரி மண்ணும் குப்பையும் இருக்கிற ஆழத்துக்கு லைனர் என்கிற இரும்புக் குழாயை அப்படியே விட்டுவிடலாம்.

குளத்தோரத்து மனைகளில் ஒரு மறைமுகச் செலவு உண்டு. புதிதாகக் கொட்டிய மண் பல வருஷம் அமுங்கிக்கொண்டே இருக்கும்; அமுங்கும்போது பைலைப் பிடித்துக் கீழே இழுக்கும். தாங்க வேண்டிய மண்ணே பாரமாகிவிடுகிறது. அந்த ஆழத்தின் உராய்வைத் தாங்குதிறனில் சேர்க்காமல் சுமையில் சேர்க்க வேண்டும். "இருபதடி மண் இருக்கே, அதுவும் பிடிக்குமில்ல" என்று கேட்பார்கள். பிடிக்கும், தப்பான திசையில்.

லோட் டெஸ்ட்ல என்ன பண்றாங்க? எந்த பைலைச் சோதிக்கறது?

ஐ.எஸ். 2911 என்கிற இந்தியத் தரநிலையின் நான்காம் பகுதிதான் இதற்கான விதி. 100 டன் பைல் என்று வைத்துக்கொள்வோம். வேலை தொடங்கும் முன், கட்டடத்தில் சேராத ஒரு பைலைப் போட்டு இரண்டரை மடங்கு, 250 டன் வரை அழுத்திப் பார்ப்பது ஆரம்பச் சோதனை. வேலையில் உள்ள பைலில் ஒன்றரை மடங்கு, 150 டன், வழக்கச் சோதனை. மேலே அடுக்குகிற பாரம் சோதனைச் சுமையை விட 25 சதவீதம் கூடுதலாக இருக்கணும். ஆகவே 250-க்கு 312 டன் மூட்டையோ கான்கிரீட் கட்டையோ அடுக்க வேண்டும். படிப்படியாக ஏற்றி, இறக்கம் அடங்கும் வரை காத்திருந்து அடுத்த படி. வழக்கச் சோதனையில் 600 மி.மீ. வரையுள்ள பைல் 12 மி.மீ.க்கு மேல் இறங்கக் கூடாது.

இறக்கத்தை அளக்கிற டயல் கேஜ் மாட்டிய கம்பி வெயில் பட்டால் வளையும். பகலில் பைல் "ஏறி" ராத்திரி "இறங்கிய" அறிக்கைகளை நான் பார்த்திருக்கிறேன். பந்தல் போடுங்கள்.

எதைச் சோதிப்பது? ஒப்பந்தக்காரரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் அழகான பைலைக் காட்டுவார். நீங்கள் தாள்களை எடுத்துக்கொண்டு கசடு அதிகம் இருந்தது, கான்கிரீட் கணக்கு உதைத்தது, நடுவில் லாரி தாமதமானது, இப்படி ஒன்றைக் கேளுங்கள். சந்தேகப்பட்ட பைல் தேறினால் மற்றவற்றின் மேல் தைரியம் வரும்.

சின்னச் சுத்தியல்ல தட்டிப் பாத்து "எல்லாம் ஓகே"ன்னு ரிப்போர்ட் வந்துருச்சு. போதாதா?

போதாது. ஆனால் எல்லா பைலிலும் செய்ய வேண்டியது. தலையில் தட்டினால் அலை அடி வரை போய்த் திரும்பும். நல்ல கான்கிரீட்டில் நொடிக்கு சுமார் 4000 மீட்டர் என்றால், 12 மீட்டர் பைலில் 6 மில்லி நொடியில் திரும்பணும். முன்னாலேயே வந்தால் நடுவில் ஏதோ கோளாறு. தண்டு முறிந்திருக்கிறதா, ஒடுங்கியிருக்கிறதா என்று காட்டும். எத்தனை டன் தாங்கும் என்று காட்டாது, அடியில் உள்ள கசடையும் நம்பிச் சொல்லாது. கெட்டிச் சுக்கானைத் தாண்டிக் களிக்குள் போகிற பைலில் மண்ணின் மாற்றமே ஒடுக்கம் மாதிரி தெரியும். அதனால் பக்கத்தில் மண் அறிக்கை இல்லாமல் அந்த வரைபடத்தைப் படிக்கிறவரை நம்பாதீர்கள். பெரிய விட்டமுள்ள முக்கியமான பைல்களில் கம்பிக்கூட்டோடு குழாய் வைத்து ஒலி அனுப்பிப் பார்ப்பது இதைவிடத் தெளிவு. ஆனால் அதை வார்ப்பதற்கு முன்பே முடிவு செய்திருக்க வேண்டும்.

300 டன் மூட்டை அடுக்க எடமே இல்லீங்களே, கோயமுத்தூர் டவுன்ஹால் பக்கம் சந்துல சைட்.

கனமான சுத்தியலை விழவிட்டு, தலையில் ஒட்டிய உணரிகளால் விசையையும் வேகத்தையும் அளக்கிற பி.டி.ஏ. சோதனை இருக்கிறது. சோதனைச் சுமையில் 1 முதல் 2 சதவீத எடையுள்ள சுத்தியல் போதும். கணிப்பு கலந்த முறை என்பதால், அதே மனையில் ஒரு நிலைச் சுமைச் சோதனையோடு ஒப்பிட்டால்தான் முழுசாக நம்புவேன். மிகப் பெரிய சுமைகளுக்குப் பைலின் உள்ளேயே ஜாக்கியைப் புதைத்து மேலும் கீழும் தள்ள வைக்கிற முறையை அமெரிக்கப் பேராசிரியர் ஆஸ்டர்பெர்க் 1980-களில் கொண்டுவந்தார். பாலங்களுக்கு நல்லது. உங்கள் சந்துக் கட்டடத்துக்கு அவ்வளவு தேவைப்படாது.

டெஸ்ட்ல ஒரு பைல் தோத்துருச்சு. இப்ப என்ன?

முதலில் அந்தப் பைலின் தாளை எடுங்கள். காரணம் அந்த ஒரு பைலுக்கு மட்டும் உரியதா, அன்றைக்கு, அதே ஆட்கள் போட்ட எல்லாவற்றுக்கும் உரியதா? இதைப் பிரித்துப் பார்க்காமல் பக்கத்தில் ஒன்று போட்டு மூடுவது ஆபத்து. தோற்ற ஒன்றுக்குக் கூடுதலாக இரண்டு மூன்றைச் சோதிக்கணும். தண்டு சரியாக இருந்து அடி மட்டும் மெத்தென்று இருந்தால், நடுவில் துளை போட்டு, கசடைக் கழுவி, சிமெண்ட் பால் செலுத்தி மீட்கலாம். சில நேரம் தாங்குதிறனைக் குறைத்து எடுத்துக்கொண்டு, பக்கத்தில் துணைப் பைல் போட்டு, பைல் தலைகளை மூடி இணைக்கிற பைல் கேப்பை அகலப்படுத்துவதே சுலபம்.

அவிநாசிப் பக்கம் ஒரு குடோனில் இப்படி ஒன்று 150 டன் ஏறும் முன்பே 19 மி.மீ. இறங்கிவிட்டது. தாளில் கம்பிக்கூடு இறக்கியதற்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே ஐந்து மணி நேரம் இடைவெளி. மூன்றாவது நாடா அளவு எழுதும் கட்டம் காலி. அதே மாதிரி காலியாக இருந்த இன்னும் நான்கு தாள்களைத் தேடி எடுத்தோம். நான்கில் இரண்டு தோற்றன. மூன்று தூணுக்கும் துணைப் பைல் போட்டோம். செலவை யார் கட்டுவது என்ற பஞ்சாயத்து, அந்த ஐந்து காலிக் கட்டங்களை மேசையில் பரப்பி வைத்ததும் கால் மணி நேரத்தில் முடிந்தது.